விளக்கைப் பார்த்துச் சொல்

தையல் மெஷினை எடுத்துக்கொண்டு போக ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மனைவி போனில் சொன்னபோது, லிஃப்ட்காரர் காதில் ஒன்றுதான் விழுந்தது. வருகிறாள்.

மற்றது பிறகுதான் உறைத்தது.

மகளின் பிரசவத்துக்குப் போனவள். பேத்தி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்று முதலில் சொன்னாள். பல் முளைக்கட்டும் என்று பிறகு சொன்னாள். அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மகள் வீட்டுத் தெருவில் திரைச்சீலை தைக்கும் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்திருப்பதை மகள்தான் பேச்சுவாக்கில் சொன்னாள்.

தன் மெஷினைக் கேட்கிறவள் திரும்பி வரும் எண்ணத்தில் இல்லை. இதைப் புரிந்துகொள்ள லிஃப்ட் ரிப்பேர் படித்திருக்க வேண்டியதில்லை.

“மாப்பிள்ளை வண்டில வர்றேன். மெஷினை ஏத்திட்டு அன்னிக்கே கிளம்பிடுவோம்” என்றாள்.

“மாப்பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்? நானே வந்து கூட்டிட்டு வர்றேன்.”

மறுமுனையில் பேத்தி எதையோ தட்டும் சத்தம் வந்தது.

“சரி.”

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் வாரத்தை ஓட்டினார். மகள் ஊரிலிருந்து இங்கே வர மூன்று மணி நேரம். காரில் இரண்டே பேர்.

வீட்டுக்குள் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. முக்கியமானதெல்லாம் காரில்தான் முடிவாகும். இந்த வீட்டுக்குக் குடிவந்தது, மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, அவள் தையல் வேலையை விட்டது. ஏறும்போது அவள் முகம் கடுகடுவென்று இருக்கும். இறங்கும்போது ஒத்துக்கொண்டிருப்பாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்தால் பேச்சு சுலபமாக வரும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

மூன்று மணி நேரம் போதும் என்று நினைத்தார்.

சனிக்கிழமை காலை ரொட்டியை நின்றுகொண்டே தின்றார். கீழே இறங்கினார். தூண்களுக்கு நடுவே கார் நின்றது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அவருடைய கருவிப் பை இருந்தது. அவள் போன மறுநாள் அங்கே வைத்தது. எடுத்துப் பின்னால் போட்டார். சீட்டில் கிரீஸ் கறை. துணியை நனைத்துத் துடைத்தார். கறை பரவியது. விட்டுவிட்டார்.

சாவியைத் திருப்பினார். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஒன்று அணையவில்லை. ஆயில் விளக்கு.

உடனே இன்ஜினை நிறுத்தினார்.

அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் மேல் கோட்டில் இருந்தது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். தரை காய்ந்திருந்தது. இன்னொரு முறை கிளப்பினார். இன்ஜினில் தட்டும் சத்தம் இல்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அது எரிய இரண்டு காரணம் உண்டு. இன்ஜினுக்குள் ஆயிலைத் தள்ளும் அழுத்தம் போயிருக்கலாம். அப்படியானால் ஊர் தாண்டுவதற்குள் இன்ஜின் இறுகி நின்றுவிடும். இல்லாவிட்டால், அந்த அழுத்தத்தைப் பார்த்துச் சொல்லும் ஸ்விட்ச்சோ அதன் வயரோ கெட்டிருக்கலாம். அப்படியானால் ஒன்றுமே இல்லை. ஒன்று எல்லாம் போச்சு, அல்லது ஒன்றும் போகவில்லை. நடுவில் எதுவும் கிடையாது.

மனைவியின் தம்பிக்குப் போன் செய்தார். ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன்.

“மாமா! உயிரோட இருக்கீங்களா?”

“ஆயில் விளக்கு அணைய மாட்டேங்குது.”

“நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்கன்னு கேக்கணும் மாமா முதல்ல.”

“ஆயில் மட்டம் சரியா இருக்கு. சத்தமும் இல்ல.”

“சத்தம் வந்தா என்னைக் கூப்பிட வேண்டாம். பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுங்க.”

“உன்கிட்ட பிரஷர் கேஜ் இருக்குல்ல?”

“இருக்கு. ஸ்விட்ச்சைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில கேஜை மாட்டிட்டா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிடும். ஆனா நான் சாயங்காலம்தான் வர முடியும். ஒரு ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் இறக்கிட்டிருக்கேன். அதுக்குள்ள நீங்க வயரைப் பாத்துடுங்க. சாவியைப் போட்டு வெச்சிட்டு ஸ்விட்ச்ல இருந்து வயரைப் புடுங்குங்க. விளக்கு அணைஞ்சா வயர் நல்ல வயர். கோளாறு ஸ்விட்ச்லயோ இன்ஜின்லயோ. புடுங்கின பிறகும் எரிஞ்சா வயர்தான் எங்கயோ பாடியில உரசி எர்த் ஆகுது. டேப் சுத்திட்டு சந்தோஷமாக் கிளம்பலாம்.”

“அது தெரியும்.”

“எல்லாம் தெரியும்னா எதுக்கு மாமா போன் பண்ணீங்க?”

வைத்துவிட்டார்.

வேலையில் அவர் எதையும் தனியாகச் சோதித்ததில்லை. லிஃப்ட்டில் ஒருவர் மேலே மோட்டார் அறையில் நிற்க வேண்டும், ஒருவர் கீழே பெட்டிக்குள். ஒருவர் செய்வார், ஒருவர் பார்த்துச் சொல்வார். இந்தக் காரிலும் அப்படித்தான். அவள் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பாள். அவர் பின்னால் நின்று, “இன்னொரு தடவை” என்பார். “எத்தனை இன்னொரு தடவை?” என்பாள்.

பானெட்டைத் திறந்தார். ஸ்விட்ச் இன்ஜினின் பின்பக்கம், கை நுழையாத இடத்தில் இருந்தது. வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, நாலு எட்டு நடந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் முடிந்தது. இந்தச் சோதனைக்கு இரண்டாவது ஆள் தேவையில்லை.

அது அவருக்குத் தெரியும். இருந்தும் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். இந்த முறை வீடியோவில் கூப்பிட்டார்.

மகள் எடுத்தாள்.

“என்னப்பா, வீடியோல? உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கென்ன. அம்மா இருக்காளா?”

“குழந்தையைத் தூங்க வெச்சிட்டிருக்கா. இருங்க. அம்மா… அப்பா. வீடியோல.”

திரையில் கூரை தெரிந்தது. மின்விசிறி தெரிந்தது. கொடியில் சின்னச் சின்னத் துணிகள். பிறகு அவள் முகம். கண்ணாடி போட்டிருந்தாள்.

“கண்ணாடி எப்போ போட்ட?”

“ஆச்சு. தைக்க வேண்டியிருக்கே. என்ன விஷயம்?”

“ஒரு விளக்கைப் பாத்துச் சொல்லணும்.”

“எந்த விளக்கை?”

“கார்ல. ஆயில் விளக்கு.”

“கெட்டில் மாதிரி ஒரு படம் போட்டிருக்குமே, அதா? அது எரிஞ்சா ஆகாதுன்னு சொல்வீங்களே.”

“அதேதான். இப்போ எரிஞ்சிட்டே இருக்கு.”

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

“அப்போ நாளைக்கு வண்டி எடுக்க முடியாதா?”

“அதைத்தான் பாத்துட்டிருக்கேன். நான் முன்னாடி போய் ஒரு வயரைக் கழட்டுவேன். விளக்கு அணையுதா, எரியுதான்னு நீ சொன்னாப் போதும்.”

போனை ஸ்டியரிங்கின் கம்பிகளுக்கு நடுவே ஒரு துணியை அடைத்து நிறுத்தினார். சாவியைத் திருப்பினார். இன்ஜினைக் கிளப்பவில்லை.

“என்ன தெரியுது?”

“கெட்டில் எரியுது. பக்கத்துல பேட்டரி படம் போட்டது ஒண்ணும் எரியுது.”

“பேட்டரியை விடு. கெட்டிலை மட்டும் பாரு.”

முன்னால் போனார். தூக்கியிருந்த பானெட் அவருக்கும் போனுக்கும் நடுவே நின்றது. தோள்வரை கையை விட்டுத் தடவினார். வயரின் முனையை அழுத்தி இழுத்தார். கையோடு வந்தது.

“இப்போ?”

வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் போயிற்று.

“கேக்குதா? இப்போ பாரு. அணைஞ்சுதா?”

“இல்ல” என்றாள். “எரியுது.”

“நல்லாப் பாரு.”

“எரியுதுங்க.”

அவர் சிரித்துவிட்டார். வெறும் வண்டிகள் நிற்கும் இடத்தில் அந்தச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது. கழற்றியதை மாட்டாமல் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது தொழில் பழக்கம். வயரைத் திரும்ப ஸ்விட்ச்சில் அழுத்தி மாட்டிவிட்டுத்தான் நடந்தார். போனுக்கு முன்னால் குனிந்தார்.

“வயர்தான்! எங்கயோ உரசுது. இன்ஜினுக்கு ஒண்ணுமில்ல.”

“எரிஞ்சா நல்லதா?”

“அப்போ எரிஞ்சது நல்லது. இனி அந்த இடத்தைக் கண்டுபிடிச்சு ஒரு டேப் சுத்தினா முடிஞ்சுது. நாளைக்குக் காலையிலயே கிளம்பிடறேன். நீ ரெடியா இரு.”

அவள் உதடு அசைந்தது. சொல்ல வந்தது வேறு ஏதோ.

“குழந்தை அழறா. வெக்கறேன்.”

போன் அணைந்தது.

அங்கே மகள் வீட்டில் குழந்தை அழவில்லை. கட்டிலில் கையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மகள் அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“அணைஞ்சிடுச்சேம்மா.”

அம்மா கொடியிலிருந்து துணிகளை எடுக்கத் தொடங்கினாள்.

“நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். வயரைப் புடுங்கின உடனே அணைஞ்சுது. நீ ஏன் எரியுதுன்ன?”

“எரியுதுன்னு சொன்னா வண்டி ஓடாதுன்னு ஆயிடும்னு நெனச்சேன்.”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் கை ஒரு சின்னச் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடிப்பதைப் பார்த்ததும் நின்றது.

“வர வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?”

“கேட்டாரா? வர்றேன்னார். வர்றேன்னு சொல்றவர்கிட்ட என்ன சொல்றது?”

“வராதீங்கன்னு சொல்றது.”

“உனக்கு வரும். என் வாய்ல சரிதான் வருது.”

“நான் வேணா சொல்லட்டுமா?”

“நீ சொன்னா உன் மேல கோவம். மாப்பிள்ளை சொன்னா மாப்பிள்ளை மேல கோவம். பாவம், அவருக்குப் பேசவே நாலு பேர்தான் இருக்கோம்.”

“அப்போ பேசாம நாளைக்குக் கார்ல ஏறு. ஏறி இங்க மெஷினும் வேண்டாம், வேலையும் வேண்டாம்னு அங்கயே போய் இரு.”

மகளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அப்பா இப்போ அந்த வயரைத் தேடிட்டு இருப்பாரும்மா. நல்லா இருக்கற வயரை.”

“தேடுவார்” என்றாள். “கிடைக்கற வரைக்கும் விடமாட்டார்.”

துணிகளை அலமாரியில் வைத்தாள். போனைக் கையில் எடுத்தாள். முந்தானையால் திரையைத் துடைத்தாள். கீழே வைத்தாள்.

அவர் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வயர் ஸ்விட்ச்சிலிருந்து கிளம்பி, இன்ஜின் ஓரமாக ஏறி, மற்ற வயர்களோடு ஒரே கட்டாகச் சேர்ந்து, ஒரு ரப்பர் வளையம் வழியாகக் காருக்குள் நுழைந்தது. பழைய டேப்பைப் பிளேடால் கீறிக் கீறிப் பிரித்தார். ஒவ்வொரு விரல் நீளமாகத் துடைத்து, டார்ச் அடித்து, செம்பு தெரிகிறதா என்று பார்த்தார். அவசரம் இல்லை. நல்ல வேலை. முடிவு தெரிந்த வேலை.

மேல் வீட்டு ஆசிரியை காய்கறிப் பையோடு வந்து நின்றாள்.

“என்ன சார், இப்படிப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க? வண்டியை விக்கறீங்களா?”

“இல்லம்மா. நாளைக்கு வீட்டுல வர்றாங்க.”

“வர்றாங்களா! நல்லதாப் போச்சு சார். உங்க வீட்டுல இருந்து சத்தமே கேக்கறதில்ல. ஒரு டிவி கூடப் போட மாட்டேங்கறீங்க. சில நாள், ஆள் இருக்காரா இல்லையான்னு நானும் அவரும் பேசிப்போம்.”

“இருக்கேன்.”

“அவங்க வந்ததும் மேல வரச் சொல்லுங்க. எனக்கு ரெண்டு பிளவுஸ் தைக்கணும்.”

படியேறிப் போனாள். அவர் ரப்பர் வளையத்தை நெம்பினார்.

வெயில் தூண்களின் மறுபக்கம் போனபோது வயர் முழுவதும் அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு கீறல் இல்லை.

இப்படியும் வரும். அசைந்தால் உரசும், நின்றால் விலகும். லிஃப்ட்டில் எத்தனையோ பார்த்திருக்கிறார். மீட்டரை எடுத்தார். வயரை ஸ்விட்ச்சிலிருந்து பிடுங்கி, ஒரு முனையை அதிலும் மறுமுனையை வண்டியின் பாடியிலும் வைத்தார். எங்காவது தொட்டுக்கொண்டிருந்தால் மீட்டர் கூவும். கூவவில்லை. வயரை ஆட்டினார். முறுக்கினார். தட்டினார். மீட்டர் ஊமையாக இருந்தது. மீட்டர்தான் கெட்டதோ என்று இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தார். பளிச்சென்று கூவியது.

வயரின் முனையைத் துணியில் சுற்றி ஓரமாகக் கட்டினார். நடந்துபோய்ச் சாவியைத் திருப்பினார். குனிந்தார்.

பேட்டரி விளக்கு எரிந்தது.

பக்கத்தில் ஒன்றும் எரியவில்லை.

சாவியைத் திருப்பி அணைத்தார். மறுபடி திருப்பினார். அதேதான்.

காலையில் வெளிச்சம் வேறு பக்கமிருந்து விழுந்திருக்கும். கண்ணாடியில் பளபளத்திருக்கும். போனை எடுத்து அதே இடத்தில் துணியை அடைத்து நிறுத்தி, கேமராவைத் திறந்து பார்த்தார். திரையில் பேட்டரி படம் தெளிவாக எரிந்தது. கெட்டில் இருந்த இடம் தெளிவாக இருண்டிருந்தது. ஒன்றை இன்னொன்றாக நினைத்திருப்பாளோ? கெட்டில் எரியுது, பக்கத்துல பேட்டரி எரியுது என்று இரண்டையும் சொன்னவள் அவள்தான். கண்ணாடி வேறு போட்டிருந்தாள்.

வேறு காரணம் தேடினார். கிடைக்கவில்லை.

சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காலுக்கு மிதிக்க எதுவும் இல்லை. ஜன்னல் இருந்தது. அதன் வழியாகப் பக்கத்து வண்டியின் சக்கரம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மாமா, டிரைவர் ஓடிட்டானா?”

மச்சினன் கையில் கேஜோடு நின்றான். அதன் ரப்பர் குழாய் தோளில் தொங்கியது.

அவர் இறங்கினார். பேச்சைக் குறைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். ஸ்விட்ச்சைக் கழற்றியதும் கொஞ்சம் ஆயில் வழிந்தது. மச்சினன் துணியால் பிடித்தான். அந்த ஓட்டையில் கேஜின் குழாயைத் திருகி இறுக்கினான்.

“கிளப்புங்க.”

முள் பூஜ்யத்திலிருந்து எழுந்தது. பாதியைத் தாண்டி நின்றது.

“இன்ஜின் ராஜா மாதிரி இருக்கு.”

“சூடாகட்டும்” என்றார்.

சூடானால் ஆயில் நீர்த்துப்போகும். அப்போதுதான் அழுத்தம் உண்மையில் எவ்வளவு என்று தெரியும். ஆளுக்கொரு தூணில் சாய்ந்து நின்றார்கள்.

“வயரைப் பாத்தீங்களா மாமா?”

“பாத்தேன். நல்லா இருக்கு.”

“உள்ள உக்காந்து விளக்கைப் பாத்தது யாரு?”

“உங்க அக்கா. போன்ல.”

மச்சினன் அவரைப் பார்த்தான்.

“எதுக்கு? வயரைக் கட்டி வெச்சிட்டு நீங்களே எட்டிப் பாத்திருக்கலாமே. ஊர்ல பாதி லிஃப்ட்டு உங்க கையில ஓடுது.”

“பாத்திருக்கலாம்.”

அவன் ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

“அக்கா என்ன சொன்னா?”

“அணைஞ்சுதுன்னு சொன்னா” என்றார் லிஃப்ட்காரர்.

முள் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. மச்சினன் பைக்குள் துழாவி ஒரு புது ஸ்விட்ச்சை எடுத்தான். அவனுடைய ஜெனரேட்டர்களுக்கு வாங்கி வைத்தது. திருகு மரை பொருந்தியது. மாட்டி, வயரைச் செருகி, கிளப்பினார்கள். விளக்கு ஒரு கணம் இருந்துவிட்டு அணைந்தது.

“முடிஞ்சுது. நாளைக்கு உங்க ராணியைக் கூட்டிட்டு வாங்க.”

“இருந்து சாப்பிட்டுப் போ.”

“என்ன இருக்கு?”

“ரொட்டி.”

“ரொட்டியும்?”

“ரொட்டிதான்.”

“அக்கா வந்தப்புறம் வர்றேன் மாமா.”

அவன் சிரித்துக்கொண்டே போனான். தெருமுனைவரை அவன் வண்டிச் சத்தம் கேட்டது.

லிஃப்ட்காரர் பிரித்த வயர்களுக்கெல்லாம் புது டேப் சுற்றினார். கை கழுவினார். மேலே போய் விளக்குப் போடும் முன் போனை எடுத்தார். வீடியோ வேண்டாம். சாதாரணமாகக் கூப்பிட்டார்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.

“வண்டி சரியாயிடுச்சு” என்றார்.

“ம்.”

“ஸ்விட்ச்தான் போயிருந்துச்சு. உன் தம்பி வந்து மாத்தினான்.”

“ம்.”

“வயர் நல்லா இருக்கு. முழுசும் பிரிச்சுப் பாத்தேன்.”

பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் வந்தது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். தனியாக எங்கோ வந்து நிற்கிறாள்.

“சாப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“மத்தியானம்?”

“இல்ல.”

“என்னங்க, நான் காலையில…”

“அதை விடு. நான் ஒண்ணு கேக்கறேன்.”

கேட்டுப் பழக்கமில்லை. நேரமாயிற்று. அவள் காத்திருந்தாள்.

“நாளைக்கு நான் வரட்டுமா, வேண்டாமா?”

“வேண்டாங்க.”

கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்ததுபோல அந்த வார்த்தை வந்துவிட்டது. அவளே திடுக்கிட்டிருக்க வேண்டும். மூச்சு கேட்டது.

“உங்க மேல கோவமெல்லாம் இல்ல” என்றாள்.

“பின்ன?”

“கார்ல ஏறினா நீங்க பேசுவீங்க.”

“பேசலாம்னுதான்…”

“நீங்க பேசுவீங்க. நான் ஜன்னலைப் பாத்துட்டு வருவேன். ஓடற வண்டில இருந்து எறங்கிப் போக முடியுமா? கதவைச் சாத்திட்டு உள்ள போக முடியுமா? வீடு வர்றதுக்குள்ள சரின்னுடுவேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொன்னேன். தையல் வேலையை விட்டுடறேன்னு எந்த இடத்துல சொன்னேன்னு இப்பவும் தெரியும். ஒரு பெட்ரோல் பங்க் வருமே, வளைவுல. அதுல.”

அந்த பங்க் அவருக்கும் ஞாபகம் இருந்தது. டேங்கை நிரப்பிவிட்டு, பக்கத்துக் கடையில் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். உருகி அவள் விரலில் வழிந்தது. நல்ல நாட்களில் ஒன்றாக அதை வைத்திருந்தார்.

“எனக்குத் தெரியாது” என்றார்.

“தெரியாதுதான். நான் சொல்லலையே.”

அறை இருட்டத் தொடங்கியிருந்தது. மேல் வீட்டில் நாற்காலியை இழுக்கும் சத்தம். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“மாப்பிள்ளையோடயே வா. மெஷினை நான் கீழ இறக்கி வெக்கறேன். நீ மேல ஏறி வரணும்னு கூட இல்ல.”

“இறக்காதீங்க.”

“ஏன்?”

“இறக்காதீங்க. அது இருக்கற இடத்துல இருக்கட்டும். மாப்பிள்ளையும் வேண்டாம். நான் பஸ்ல வர்றேன்.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

“பஸ்ல எப்படி மெஷினை…”

“வந்து பாத்துக்கறேன்னு சொல்றேன்ல.”

அவர் சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

“எந்த பஸ்னு சொல்லு. நான் பஸ் ஸ்டாண்டுல…”

“சொல்ல மாட்டேன். சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்து நிப்பீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்ததா என்று தெரியவில்லை. அதற்குள் வைத்துவிட்டாள்.

மகள் ஊரிலிருந்து விடிகாலை முதல் பொழுது சாயும்வரை பஸ் உண்டு. நாளை காரை எடுக்காமல் வீட்டிலேயே காத்திருக்க வேண்டும்.